கவனிப்பு

புத்தூரில் டாக்டரம்மா நடத்திய அந்தப் பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா சகாயம்மாளுக்குப் பதினாலு வருஷ சர்வீஸ். அந்தப் பதினாலு வருஷத்தில் அவள் கற்றுக்கொண்டதையெல்லாம் ஒரே சொல்லில் அடக்கிவிடலாம். கவனிப்பு. அந்தச் சொல்லுக்கு அங்கே இரண்டு பக்கம் உண்டு. பெற்றவளின் வீட்டார் ஆயாவிடம், “கொஞ்சம் கவனிச்சுக்குங்க ஆயாம்மா” என்றால், எங்கள் பெண்ணைப் பார்த்துக்கொள் என்று அர்த்தம். அதையே ஆயா அவர்களைப் பார்த்துச் சொன்னால், நான் கையை நீட்டவில்லை, ஆனால் நீட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். இதில் யாருக்கும் இதுவரை குழப்பம் வந்ததில்லை. டவுன்காரன் எவனுக்கும் வராது.

ஆண் பிள்ளை என்றால் ஐந்து ரூபாய், பெண் பிள்ளை என்றால் இரண்டு ரூபாய். அப்புறம் தினப்படி வெந்நீருக்கு, துணி அலசுவதற்கு, பிள்ளையைக் குளிப்பாட்டுவதற்கு என்று அணாக்கணக்கில் தனி. கொடுத்தவளுக்கு வெந்நீர் ஆவி பறக்க வரும். கொடுக்காதவளுக்கும் வரும், வராமல் போகாது, ஆனால் பத்துக் கட்டிலையும் சுற்றிவிட்டுக் கடைசியில் வரும். அதற்குள் அது வெந்நீராக இருக்காது. இதைக் கேட்டுவிட்டு சகாயம்மாளைப் பொல்லாதவள் என்று நினைக்க வேண்டாம். அவள் வாங்கிய சம்பளம் பாலக்கரை வீட்டு வாடகைக்கும் அரிசிக்கும் சரியாகப் போய்விடும். புருஷன் சவரிராயன் உறையூரில் சுருட்டுச் சுற்றிச் சுற்றி நெஞ்சைக் கெடுத்துக்கொண்டு வீட்டோடு உட்கார்ந்துவிட்டான். அவன் இருமலுக்கு மருந்து இந்தக் கவனிப்பில்தான் வாங்கியாக வேண்டும்.

ஆனால் அதற்கும் இப்போது ஆபத்து வந்திருந்தது. போன மாதம் யாரோ ஒரு வக்கீல் வீட்டம்மாள் புகார் எழுதிப் போட, டாக்டரம்மா சகாயம்மாளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “இன்னொரு தடவை என் காதுல விழுந்துச்சுன்னா, யூனிஃபார்ம் சேலையைத் துவைச்சு மடிச்சு ஆபீஸ்ல குடுத்துட்டு நீ போயிடலாம் சகாயம்” என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து சகாயம்மாள் வாயைக் கட்டிக்கொண்டுதான் பேசினாள். ரூபாய் என்ற வார்த்தையே வராது. கவனிச்சுக்குங்க, அவ்வளவுதான். யாராவது கேட்டால் சாதாரணமாகச் சொன்ன மாதிரிதானே இருக்கும்.

அணாக்கள் போய் நயா பைசா வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த வருஷம் அது. ஐப்பசியில் ஒரு புதன்கிழமை, மத்தியானம் பன்னிரண்டேகாலுக்கு, ஒன்பதாம் கட்டில் காளியாயிக்குப் பெண் பிள்ளை பிறந்தது. காளியாயி பச்சைமலைக்காரி. முந்தின பிள்ளைகள் இரண்டும் மலையிலேயே பிறந்து தங்காமல் போயின. இந்தத் தடவை புருஷன் வீரமலை விடவில்லை. துறையூர் வரைக்கும் தூளியில் தூக்கிவந்து, அங்கிருந்து பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்திருந்தான். ஆஸ்பத்திரிப் பணத்தை முதலிலேயே ஆபீஸில் கட்டிவிட்டான். ஆனால் ஆயாவுக்கென்று காலணா இடுப்பிலிருந்து எடுக்கவில்லை.

சகாயம்மாள் வராந்தாவுக்கு வந்து அவனிடம் சொன்னாள்.

“பொம்பளைப் பிள்ளை. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க.”

வீரமலை கையெடுத்துக் கும்பிட்டான். ஒல்லியான ஆள், தலையில் துண்டு, காலில் செருப்பு கிடையாது. கும்பிட்டுவிட்டு அப்படியே நின்றான். சகாயம்மாள் ஒரு நிமிஷம் காத்திருந்து பார்த்தாள். கும்பிட்ட கை கீழே இறங்கியதே தவிர இடுப்புப் பக்கம் போகவில்லை.

“கவனிச்சுக்குங்க” என்றாள்.

“சரிங்க ஆயாம்மா. என்னத்தைக் கவனிக்கணும்?”

அவளுக்குச் சுருக்கென்றது. நக்கல் பண்ணுகிறானா? முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. சில பேர் முகத்தை அப்பாவி மாதிரி வைத்துக்கொண்டுதான் நக்கல் பண்ணுவார்கள், அந்த ரகமோ என்னவோ.

“எல்லாத்தையுந்தான் கவனிக்கணும்.”

“நானா?”

“பின்னே, நானா உங்களைக் கவனிக்கறது?”

“எப்பலேருந்து ஆயாம்மா?”

“இப்பலேருந்துதான். இதெல்லாம் உங்க மலையில யாரும் சொல்லிக் குடுக்கலையா?”

“உள்ள விட மாட்டேங்கறாங்களே. நாலு மணிக்கு மேலதான் ஆம்பளைங்க வரலாம்னு சொல்லிட்டாங்க. எங்க நின்னு கவனிக்கறது?”

போதும் என்று ஆகிவிட்டது அவளுக்கு. “அதோ ஜன்னல் இருக்கு பாருங்க, அங்க நின்னு நல்லாக் கவனிங்க” என்று எரிச்சலோடு கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். கருமி என்று முனகிக்கொண்டாள். பெண் பிள்ளைக்கு இரண்டு ரூபாய் கேட்டு மன்றாடுகிற அளவுக்கு அவள் இன்னும் கீழே இறங்கிவிடவில்லை.

வீரமலை அந்த ஜன்னலுக்குப் போய் நின்றான். பக்கத்து வராந்தாவில், ஒன்பதாம் கட்டிலை ஒட்டினாற்போல் இருந்தது அது. பின்னால்தான் தெரிந்தது, மலையில் அவன் வேலையே காவல் காப்பதுதான் என்று. சாமைக் கதிர் முற்றும் மாதங்களில் பரண் மேல் உட்கார்ந்து காட்டுப் பன்றி வருகிறதா என்று பார்ப்பான். ஒரு செடி காற்றில் ஆடுகிறதா, பன்றி முட்டி ஆடுகிறதா என்று கண்ணை எடுக்காமல் பார்த்துச் சொல்ல வேண்டும். கவனி என்று அவனிடம் சொன்னால் அவனுக்குத் தெரிந்த அர்த்தம் அது ஒன்றுதான். சாப்பிடப் போகலாம் என்று நினைத்திருந்தவன் அதையும் விட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஒரு மணிக்கு நர்ஸ் லூர்துராணி பின்கட்டுக்குச் சாப்பிடப் போனாள். போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனாள்.

“ஆயா, ஒன்பதாம் கட்டிலை ரெண்டு மணி நேரம் பார்த்துக்கிட்டே இருக்கணும். கால் மணிக்கு ஒரு தரம் போர்வையைத் தூக்கித் துணியைப் பாரு. ரொம்ப நனைஞ்சா உடனே என்னைக் கூப்பிடு. வார்டை விட்டு நகரக்கூடாது.”

“தெரியும் சிஸ்டர். இன்னைக்கு நேத்தா பார்க்கறேன்.”

உடனே போய்ப் பார்க்கவும் பார்த்தாள். துணி சரியாக இருந்தது. காளியாயி அரைத் தூக்கத்தில் கிடந்தாள். பிள்ளை தொட்டிலில். எல்லாம் ஒழுங்கு. போர்வையை இழுத்துவிட்டுத் திரும்பும்போது நாலாம் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“சகாயம், இங்க வா.”

அமிர்தம்மாளின் குரல். ஸ்ரீரங்கம் கீழச்சித்திரை வீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பம். மருமகள் ரங்கநாயகிக்கு ஆண் பிள்ளை பிறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அமிர்தம்மாள் மற்றவர்களைப் போல் மொத்தமாக எதையாவது கையில் திணித்துவிட்டு மறந்துபோகிற ஆள் அல்ல. அவள் வாத்தியார் மார்க் போடுகிற மாதிரி போடுவாள். இடுப்பில் ஒரு சுருக்குப் பை. காபி சூடாக வந்தால் நாலணா. ஆறியிருந்தால் இரண்டணா. கொட்டியிருந்தால் ஒன்றும் கிடையாது, ஏன் கிடையாது என்றும் சொல்லுவாள். முந்தாநாள் கூஜாவைச் சரியாகத் துலக்கவில்லை என்று பக்கத்துக் கட்டில்காரிக்குக் கேட்கிற மாதிரி சொல்லி ஓரணாவைத் திரும்பப் பையிலேயே போட்டுக்கொண்டாள். சகாயம்மாளுக்கு அவளைப் பிடிக்காது. ஆனால் அவளைப்போல் தினமும் கொடுக்கிறவர்கள் வேறு யாரும் இல்லை.

“மூலை ஓட்டல்ல ஒரு பிளாஸ்க் காபி வாங்கிட்டு வந்துடு. ரங்கநாயகிக்குத் தலைவலி.”

“சிஸ்டர் இருக்கச் சொல்லியிருக்காங்கம்மா. சாப்பிட்டு வந்ததும் போறேன்.”

“அஞ்சு நிமிஷ நடை. அதுக்குள்ள ஆஸ்பத்திரி இடிஞ்சு விழுந்துடுமா? சூடா வந்தா எட்டணா. பேரன் பிறந்து இன்னைக்கு மூணாம் நாள்.”

எட்டணா. சவரிராயனின் மருந்து பாட்டில் தீர்ந்து இரண்டு நாளாகிறது. சகாயம்மாள் ஒன்பதாம் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். காளியாயி அசையாமல் தூங்கினாள். ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் வீரமலையின் முகம் அப்படியே இருந்தது. கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். என்ன பிறவி இது என்று அவளுக்கு எரிச்சல் மூண்டது. காலணா கொடுக்காதவன் பெண்டாட்டிக்கு நான் கால் கடுக்க நிற்க வேண்டும், எட்டணா கொடுக்கிறவளைத் தலைவலியோடு காத்திருக்கச் சொல்ல வேண்டுமா? பிளாஸ்கை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக இறங்கிவிட்டாள்.

ஓட்டலில் பால் அப்போதுதான் அடுப்பில் ஏறியிருந்தது. “ரெண்டு நிமிஷம் ஆயாம்மா” என்றான் மாஸ்டர். அவன் இரண்டு நிமிஷம் எத்தனை நிமிஷம் என்று அவளுக்குத் தெரியும். திரும்பிவிடலாமா என்று நினைத்தாள். வெறுங்கையோடு போனால் அமிர்தம்மாள் அதற்கும் ஒரு மார்க் போடுவாள். நின்றாள். சுவரிலிருந்த கடிகாரம் ஒன்று இருபது காட்டியது. அப்புறம் ஒன்றரை காட்டியது. கால் மணிக்கு ஒரு தரம் என்று லூர்துராணி சொன்னது நினைவுக்கு வந்தது. இரண்டு தடவை பார்க்காமல் போயாயிற்று. தூங்குகிறவளுக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மாஸ்டர் ஒருவழியாகப் பிளாஸ்கை நிரப்பிக் கொடுத்ததும், சூடு போகாமல் முந்தானையைச் சுற்றி மூடி, ஓட்டமும் நடையுமாகத் திரும்பினாள்.

வராந்தாப் படியிலேயே வீரமலை எதிரே வந்தான். ஒரு கையை இறுக்கி மூடியிருந்தான்.

“கவனிச்சேன் ஆயாம்மா” என்றான்.

அப்பாடா, என்று இருந்தது அவளுக்கு. யாரோ புத்தி சொல்லியிருக்கிறார்கள். “இருங்க, இதை உள்ள குடுத்துட்டு வந்துடறேன். காபி ஆறிடும்.”

“ஆயாம்மா, கவனிச்சுட்டேன்.”

“தெரியுது, தெரியுது. இங்கேயே இருங்க. யாரும் பார்த்தா வம்பு.”

அவனைத் தாண்டி உள்ளே போனாள். லூர்துராணி இன்னும் வரவில்லை. தப்பித்தோம். நாலாம் கட்டிலண்டை போய்ப் பிளாஸ்கைத் திறந்து டம்ளரில் ஊற்ற ஆரம்பித்தாள். ஆவி நன்றாக எழுந்தது. அமிர்தம்மாள் அதைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டு சுருக்குப் பையைத் தளர்த்தினாள். அந்த நேரம் பார்த்து வீரமலை வார்டுக்குள்ளேயே வந்துவிட்டான். பத்துக் கட்டிலிலும் பெண்கள். ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் அவசரமாக மறைத்துக்கொண்டாள்.

“ஆம்பளைங்க உள்ள வரக்கூடாதுங்க” என்று சகாயம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். சொல்லும்போதே, இத்தனை தூரம் வந்தவனை வெறுமனே அனுப்புவானேன் என்று அமிர்தம்மாளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, முந்தானைக்கு அடியில் கையை நீட்டினாள்.

அவன் தன் கையை விரித்துக் காட்டினான். உள்ளங்கை முழுக்கச் சிவப்பு. விரலிடுக்கிலிருந்து ஒரு சொட்டு சிமெண்டுத் தரையில் விழுந்தது.

டம்ளரை எங்கே வைத்தாள் என்று சகாயம்மாளுக்குத் தெரியாது. ஒன்பதாம் கட்டிலுக்கு ஓடிப் போர்வையைத் தூக்கினாள். வார்டுப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. ஜன்னல் பக்கம்தான் எல்லாம். மெத்தை ஊறி, கட்டில் சட்டம் வழியாக இறங்கிச் சுவரோரம் தேங்கியிருந்தது. காளியாயியின் உதடு வெளுத்துப் பிளந்திருந்தது. அதன் மேல் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது.

“அம்மா, ஓடுங்க. பின்கட்டுல சிஸ்டரைக் கூப்பிடுங்க.” அமிர்தம்மாளைப் பார்த்துத்தான் சொன்னாள். கீழச்சித்திரை வீதியில் அந்த அம்மாளை யாரும் ஓடச் சொன்னதில்லை. ஆனால் ஓடினாள்.

சகாயம்மாள் அடிவயிற்றில் கையை வைத்து அழுத்தினாள். கல் மாதிரி இறுகியிருக்க வேண்டிய பிள்ளைப்பை பிசைந்த மாவு மாதிரி கிடந்தது. அதைப் பிடித்துப் பிசைந்தாள், விடாமல் பிசைந்தாள். மாதாவே, மாதாவே என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது. லூர்துராணி எச்சில் கையோடு வந்தாள். டாக்டரம்மா வந்தாள். கட்டில் காலுக்குச் செங்கல் கொடுத்து உயர்த்தினார்கள். ஊசி போட்டார்கள், சலைன் பாட்டில் ஏற்றினார்கள். சகாயம்மாள் கையை எடுக்கவே இல்லை. தோள்பட்டை இற்றுவிழும்போல் வலித்தது. கொஞ்ச நேரத்தில் கைக்கு அடியில் அது மெல்ல மெல்ல இறுகியது. இறுகி அப்படியே நின்றது. டாக்டரம்மா நாடியைப் பிடித்துப் பார்த்து மூச்சு விட்டாள்.

“இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா அவ்வளவுதான். யார் முதல்ல பார்த்தது?”

சேலையைத் துவைத்து மடிக்க வேண்டியதுதான் என்று சகாயம்மாள் நினைத்துக்கொண்டாள்.

“நான் பார்த்தேங்க” என்றான் வீரமலை வாசலிலிருந்து. “ஆயாம்மாதான் கவனிக்கச் சொன்னாங்க. ஜன்னல் கிட்ட நின்னு நல்லாக் கவனின்னு இடத்தையும் காட்டினாங்க. அவ வாயில ஈ உக்காந்துச்சு, அவ ஓட்டல. என்னடா ஓட்டாம இருக்காளேன்னு கையை விட்டுத் தொட்டுப் பார்த்தேன். மெத்தை ஈரமா இருந்துச்சு. வாயால சொல்ல வரல, அதான் கையைக் காட்டினேன்.”

டாக்டரம்மா சகாயம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். பதினாலு வருஷத்தில் அவள் அப்படிப் பார்த்ததில்லை.

“நீ ஒருத்தி பத்தாதுன்னு இவரையும் நிறுத்தினியா? நல்ல வேலை பண்ணியிருக்கே சகாயம்.”

சகாயம்மாள் பொய் ஒன்றும் சொல்லவில்லை, சும்மா நின்றாள். ஆனால் சும்மா நின்றதே பொய்தான் என்று அவளுக்கு அப்போதே தெரிந்தது.

சாயந்தரம் அமிர்தம்மாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு முழு ரூபாயைக் கையில் வைத்து அழுத்தினாள். “நான் உன்னை வெளியில அனுப்பினது யாருக்கும் தெரிய வேண்டாம்” என்றாள். குரலில் அதிகாரம் இல்லை. பயம்தான் இருந்தது. சகாயம்மாள் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அந்த ரூபாயில் மருந்து வாங்கலாம் என்று மருந்துக் கடை வரைக்கும் போனாள். முடிச்சை அவிழ்க்கக் கை வரவில்லை. கோயில் உண்டியலில் போடலாம் என்று பார்த்தாள், அதற்கும் வரவில்லை. முடிச்சு அப்படியே கிடந்து அவள் இடுப்பை உறுத்தியது.

அடுத்த நாளிலிருந்து ஒன்பதாம் கட்டிலுக்குத்தான் முதல் வெந்நீர். துணியை அவளே அலசினாள், பிள்ளையை அவளே குளிப்பாட்டினாள், காளியாயிக்குக் கஞ்சியை ஊதி ஊதிக் கொடுத்தாள். காளியாயிக்கு முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் ஏறியது. அதைப் பார்த்தால் சகாயம்மாளுக்குச் சந்தோஷமாக இருக்கும். உடனே வீரமலை நாலு மணிக்கு வருவானே என்ற நினைப்பு வந்து சந்தோஷத்தைக் கெடுக்கும். அவன் வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொன்னான். “ஆயாம்மா சொல்லலேன்னா நான் சாப்பிடப் போயிருப்பேன். என் பொண்டாட்டியை மலைக்குத் தூக்கிட்டுத்தான் போயிருக்கணும்.” கேட்டவர்கள் ஆயாவைப் பார்த்துக் கையெடுத்தார்கள். ஒருத்தர் காலணா கொடுத்திருந்தால்கூட அவளுக்குத் தேவலை என்றிருந்தது. கும்பிடுகிறார்களே, என்ன செய்வது?

அமிர்தம்மாள் மருமகளை அழைத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போய்விட்டாள். போகும்போது சகாயம்மாளின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் காளியாயியை வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்து பார்த்து, மாத்திரை எழுதிக் கொடுத்து, லூர்துராணியோடு அடுத்த கட்டிலுக்கு நகரப் போனாள். அப்போது வீரமலை தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றான். கையில் ஓர் ஐந்து ரூபாய் நோட்டு, நாலாக மடித்தது.

“ஆயாம்மா, இங்க எல்லாரும் உங்களுக்கு ஏதோ குடுக்கறாங்க. எனக்கு முறை தெரியாது. எங்க மலையில செஞ்ச வேலைக்குத் தக்கன கூலி. நீங்க செஞ்ச வேலைக்கு இது பத்தாது. ஆனா என்கிட்ட இருக்கறது இதான்.”

சகாயம்மாள் பயந்துபோய் டாக்டரம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மா சிரித்தாள்.

“வாங்கிக்கோ சகாயம். இன்னைக்கு ஒரு நாள் நான் பார்க்கலை. இது நீ சம்பாதிச்சது.”

கையை நீட்டினால் போதும். நோட்டும் கிடைக்கும், வேலையும் இருக்கும், நல்ல பெயரும் நிற்கும். யாருக்கும் நஷ்டமில்லை. அவள் கை பாதி தூரம் எழுந்துகூட விட்டது. எதிரே அவன் கை. கழுவிய, காய்ப்புக் காய்த்த உள்ளங்கை. ஒன்பது நாளாக அந்தக் கை விரிவதைத்தான் அவள் கண்ணை மூடினால் பார்த்துக்கொண்டிருந்தாள். தாங்க முடியவில்லை.

“வேண்டாங்க” என்றாள். “அன்னைக்கு நான் கவனிக்கச் சொன்னது உங்க சம்சாரத்தை இல்லை.”

“பின்னே?”

“என்னை.”

அவனுக்குப் புரியவில்லை.

“என்னைக் கவனிக்கச் சொன்னேங்க. காசு கேட்டேன். இங்க அதுக்கு அப்படித்தான் பேர். நீங்க குடுக்கலேன்னு கோவத்துல ஜன்னலைக் காட்டினேன்.” திரும்பினாள். “சிஸ்டர் கால் மணிக்கு ஒரு தரம் பாக்கச் சொன்னாங்க டாக்டரம்மா. ஒரே ஒரு தரம் பார்த்தேன். அப்புறம் வெளியில காபி வாங்கப் போயிட்டேன்.”

“யாருக்குக் காபி?”

“யாருக்கா இருந்தா என்னங்க. போனது நான்தானே.”

லூர்துராணி வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டரம்மாவின் முகத்தில் சிரிப்பு இருந்த இடம் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றினாள், துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டாள். சகாயம்மாளுக்கு ஒன்பது நாளாக அடைத்துக்கொண்டிருந்தது நெஞ்சை விட்டு இறங்கினாற்போல் இருந்தது.

வீரமலை பரண் மேல் உட்கார்ந்திருக்கிறவன் மாதிரி அவளையே பார்த்தான். அப்புறம் கட்டிலில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தவளைத் திரும்பிப் பார்த்தான்.

“காளியாயி, நான்தான் கவனிச்சிருக்கேன் பிள்ளே.”

“வேற யாரு” என்றாள் காளியாயி. “கண்ணு இருட்டற வரைக்கும் ஜன்னல்ல உங்க மூஞ்சிதானே தெரிஞ்சுச்சு.”

அவன் ஐந்து ரூபாய் நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டான். திட்டுவான் என்று சகாயம்மாள் நின்றாள். திட்டினால் வாங்கிக்கொள்வது என்று நின்றாள். அவன் திட்டவில்லை. வேட்டி மடிப்பில் தேடி ஓர் எட்டணாவை எடுத்தான்.

“ஒன்பது நாள் இங்க இருந்தோம். வெந்நீர் குடுத்தீங்க, பிள்ளையைக் குளிப்பாட்டினீங்க. மலையில இந்த வேலைக்கு நாளைக்கு ஓரணா. முத நாள், விட்டுட்டுப் போனதும் நீங்கதான், வந்து வயித்தைப் பிடிச்சுக்கிட்டதும் நீங்கதான். அது ரெண்டும் நேராப் போச்சு. அந்த நாளைக் கழிச்சுட்டேன். மிச்சம் எட்டு நாள்.”

கோபமாகச் சொல்லவில்லை. சாமை அளக்கிறவன் படியைத் தலை தட்டுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னான். எட்டணாவை நீட்டினான். அன்றைக்கு அவள் பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு ஓடினாளே, அதே எட்டணா.

சகாயம்மாள் கையை நீட்டாமல் நின்றாள்.

“வாங்கிக்கோ” என்றாள் டாக்டரம்மா. “அது உன் வேலைக்குக் கூலி. வாங்கிட்டு ஆபீஸ் ரூமுக்கு வா.”

முந்தானைக்கு அடியில் அல்ல, எல்லோரும் பார்க்க, பத்துக் கட்டிலும் பார்க்கக் கையை நீட்டி வாங்கினாள். பதினாலு வருஷத்தில் வாங்கிய காசிலேயே அதுதான் கனத்தது. வீரமலை பிள்ளையைத் துண்டில் சுற்றி வாங்கிக்கொண்டு, காளியாயியைத் தோளில் சாய்த்து நடத்திப் போனான். வாசலில் ஒரு தடவை திரும்பி, “போயிட்டு வரோம் ஆயாம்மா” என்றான்.

அவள் தலையை ஆட்டினாள். எட்டணாவை அமிர்தம்மாள் கொடுத்த ரூபாய் இருந்த முடிச்சில் சேர்த்து முடியவில்லை. முடிச்சை அவிழ்த்து, அந்த ரூபாயை இடது கையிலும் எட்டணாவை வலது கையிலும் வைத்துக்கொண்டு, டாக்டரம்மாவின் பின்னால் ஆபீஸ் ரூமுக்கு நடந்தாள்.